பெட்டிக் கோழியும் ஈரத்திரியும்

டக்.

அவ்வளவுதான் கண்ணு அந்தச் சத்தம். நாக்கை மேலண்ணத்துல ஒட்டி எடுத்தா ஒண்ணு வருமே, அந்த மாதிரி. நான் உன்னைவிடச் சின்னவளா இருந்தப்போ பக்கத்து வீட்டுச் சுவத்துக்கு அந்தண்டையிலிருந்து கேட்டது. கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. அப்புறம் ஒரு டக். மறுபடி ஒண்ணும் இருக்காது. ஒரு வீடு தூக்கத்துல எச்சில் முழுங்கற மாதிரி.

அந்த டக்கோட கதைதான் இன்னைக்கு. போர்வையை இழுத்துக்கோ. காலை உள்ளே வை. நீ "ம்" சொன்னாத்தான் கதை நடக்கும். சொல்லலைன்னா வழியிலயே உட்கார்ந்துக்கும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கோழி இருந்துச்சு. அதுக்கு றெக்கை இல்லை, கொண்டை இல்லை, கால் இல்லை. பலகையில செஞ்ச உடம்பு. பீரோ மாதிரி உசரம். முன்னாடி ஒரு கண்ணாடிக் கதவு.

"அது எப்படிப் பெரியத்தை கோழி ஆகும்?"

ஆகும். மத்தக் கோழி முட்டை மேல உட்கார்ந்து அடைகாக்கும். இது முட்டையை வயித்துக்குள்ள வச்சு அடைகாக்கும். ஊர்ல எல்லாரும் அதைப் பெட்டிக் கோழின்னுதான் சொல்லுவாங்க.

அந்தப் பெட்டிக் கோழி நாச்சாத்தாள்னு ஒருத்தி வீட்டுல இருந்துச்சு. நாச்சாத்தாள் ரொம்ப நாள் குஞ்சு பொரிக்கற கம்பெனி ஒண்ணுல முட்டை அடுக்கற வேலை பாத்தவ. அந்தக் கம்பெனியை மூடினப்போ இந்தப் பெட்டியைப் பழசுன்னு புளியமரத்தடியில தூக்கிப் போட்டுட்டாங்க. மழை பேஞ்சா நனையும், வெயில் அடிச்சாக் காயும். இவளுக்கு மனசு கேக்கலை. "நான் எடுத்துக்கட்டுங்களா?"ன்னு கேட்டா. "எடுத்துட்டுப் போ, இடமாவது காலியாகும்"னாங்க. வண்டி வச்சுக் கொண்டாந்துட்டா. அப்புறம் மோட்டார் கட்டற கொண்டப்பன்னு ஒருத்தன் வந்து, கழட்டித் தொடைச்சு, அறுந்துபோன ஒயரையெல்லாம் மாத்தி, ஓட வச்சுக் குடுத்தான்.

ஓடுச்சு. டக். கொஞ்ச நேரம் கழிச்சு, டக்.

அந்த வருஷம் ஊர்க் கோழிங்களுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்துச்சு. அது ஒரு சீக்கு. காலையில கழுத்தைத் திருகிட்டு நிக்கும், சாயங்காலம் படுத்துடும். அஞ்சாறு நாளுக்குள்ள ஊருக்குள்ள ஒரு கொக்கரக்கோ கிடையாது. விடிஞ்சுதா இல்லையான்னு ஜனங்க வானத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு.

"எல்லாக் கோழியும் செத்துப் போச்சா?"

எல்லாம். ஆனா சீக்கு வர்றதுக்கு முன்னாடி இட்ட முட்டைங்க மட்டும் ஒவ்வொரு வீட்டுலயும் தவிட்டுக் கூடையில இருந்துச்சு. முட்டை இருக்கு, மேல உட்கார ஒரு கோழி இல்லை. முட்டை பத்துப் பன்னெண்டு நாள்தான் காத்திருக்கும். அதுக்கு மேல காத்திருக்க அதால முடியாது. உள்ளே இருக்கற உசுரு யாருகிட்டயும் சொல்லாம போயிடும்.

அப்போ ஒன்பது வீட்டுப் பொம்பளைங்க கூடையைத் தூக்கிட்டு நாச்சாத்தாள் வீட்டு வாசலுக்கு வந்தாங்க. முன்னாடி வந்தவ குருப்பாத்தாள். அவளுக்கு வாய் நீளம், நடை வேகம். அவகிட்ட இருந்தது சாம்பக் கோழி. சாம்பல் பூசின மாதிரி நிறம், காலு மட்டும் மஞ்சள். அவளுக்குக் கல்யாணம் ஆகி வந்தப்போ அவ அம்மா மடியில கட்டிக் குடுத்த கோழியோட வம்சம். அம்மா போயிட்டா, பொறந்த வீடு வித்தாச்சு. அந்த வீட்டுலயிருந்து வந்து இன்னும் உசுரோட நடந்துட்டு இருந்தது அந்தக் கோழிங்க மட்டும்தான். இப்போ பதினாலு முட்டை.

"ஏண்டி நாச்சா, உன் பீரோவுல இதை வச்சா குஞ்சு வருமா, இல்லை அவிஞ்ச முட்டை வருமா?"

"வருங்கக்கா."

"எந்த வருங்கக்கா? குஞ்சா, அவிஞ்ச முட்டையா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நாச்சாத்தாளும் சிரிச்சா. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டுச் சொன்னா: "குஞ்சா எடுத்துக் குடுக்கறேன்க்கா. நான் பொறுப்பு."

அந்தச் சொல்லு அவ வாயிலயிருந்து வந்துடுச்சு. வந்தது வந்ததுதான். அவளோட முட்டையும் சேத்து நூத்தி முப்பது முட்டை. கரிக்கட்டையால ஒவ்வொண்ணுலயும் ஒரு அடையாளம் போட்டா. ஒரு வீட்டுக்குப் புள்ளி, ஒரு வீட்டுக்குக் கோடு, ஒரு வீட்டுக்குப் பெருக்கல். குருப்பாத்தாளுக்கு ஒரு வட்டம். தட்டு தட்டா அடுக்கிக் கதவைச் சாத்தினா. இன்னும் இருபத்தியொரு நாள்.

ம் எங்கே?

"ம். உள்ளே யாரு அடைகாக்கறது?"

அதான் சொல்ல வந்தேன். அந்தப் பெட்டிக்குள்ள நாலு பேரு குடியிருந்தாங்க. நாலு பேருக்கும் கண்ணு கிடையாது. முட்டைன்னா என்ன, குஞ்சுன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் தெரியும்.

மொதல்ல அக்காளும் தங்கச்சியும். அக்கா பித்தளை, தங்கச்சி இரும்பு. முதுகோட முதுகா ஒட்டி வச்ச ரெண்டு மெல்லிசுத் தகடு. சூடு பட்டா அக்கா சோம்பல் முறிச்சு நீளுவா. தங்கச்சி அவ்வளவு நீள மாட்டா, அவளுக்கு எதுலயும் அடக்கம். ஆனா ஒட்டிக்கிட்டே பிறந்தவங்களாச்சே, அக்காவால தனியாப் போக முடியாது. அதனால ரெண்டு பேருமா வளைஞ்சிடுவாங்க. காத்து குளுந்தா மறுபடி நிமிர்ந்துடுவாங்க. வளையறது, நிமிர்றது. அவங்களுக்குத் தெரிஞ்ச பாஷை அது ஒண்ணுதான்.

நிமிர்ந்தா அவங்க நுனி ஒரு சின்னக் குமிழைத் தொடும். தொட்டா நூல் அளவுக்குக் கரண்டு ஓடும். அது போய் ரெண்டாவது ஆளை எழுப்பும். அவனுக்குக் கம்பெனிக்காரங்க வச்ச பேரு ரிலே. நாம டக்கன்னு வச்சுக்கலாம்.

"டக்கன்!"

ஆமா. டக்கன் செம்புக் கம்பியைச் சுத்திச் சுத்தி இடுப்புல கட்டியிருப்பான். அந்தக் கம்பியில கரண்டு ஓடாத வரைக்கும் அவன் வெறும் இரும்புத்துண்டு, தூங்கிட்டே இருப்பான். ஓடினா அவன் காந்தமாயிடுவான். முன்னாடி இருக்கற தகட்டை இழுப்பான். டக். அந்தத் தகடு போய்ப் பெரிய ஒயரைச் சேத்து வைக்கும். பெரிய கரண்டு ஓடி அடுப்புக் கம்பி செவக்கும். சூடு வரும்.

"அக்கா தங்கச்சியே பெரிய ஒயரைச் சேத்து வச்சா என்ன?"

பொசுங்கிப் போயிடுவாங்க கண்ணு. உணர்றவங்க மெல்லிசாத்தான் இருப்பாங்க. பளு தூக்கறது அவங்க வேலை இல்லை. அவங்க காதுல சொல்லுவாங்க, டக்கன் போய்ப் பெரிய கரண்டுக்குக் கதவைத் திறப்பான். சூடு போதும்னு ஆனதும் அவங்க வளைவாங்க, நுனி விட்டுப் போகும், டக்கன் தகட்டை விட்டுடுவான். டக். அடுப்பு அணையும். இப்படியே பகலும் ராத்திரியும்.

மூணாவது ஆளு ஒரு தொட்டாச்சிணுங்கி. தட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பொத்தான், அதுக்கு ஒரு நீட்டின விரல். கோழி மூக்கால முட்டையைப் புரட்டிப் போட்டுட்டே இருக்கும், பாத்திருக்கியா? புரட்டலைன்னா உள்ளே குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும். பெட்டிக்கு மூக்கில்லை. அதனால மணிக்கு ஒரு தடவை ஒரு மோட்டார் தட்டையெல்லாம் ஒரு பக்கமாச் சாய்க்கும். கிர்ர்ர்ர். சாஞ்சு சாஞ்சு வந்து அந்த விரலைத் தொடும். தொட்டதும் தொட்டாச்சிணுங்கி மோட்டாரை நிறுத்திடும். அடுத்த மணிக்கு அந்தப் பக்கம், அங்கயும் ஒரு விரல். "இது போதும், இதுக்கு மேல சாஞ்சா உருண்டுடும்"னு சொல்ற வேலை அதுக்கு.

நாலாவது ஆளுதான் ஈரத்திரி.

"அது என்ன பண்ணும்?"

நீ குளிச்சுட்டு வந்து துவட்டாம காத்துல நின்னா என்ன ஆகும்?

"குளிரும்."

மழைக்காலத்துல நின்னா?

"அவ்வளவு குளிராது. ஈரம் காயவே காயாது."

அதேதான். ஈரத்திரியும் ஒரு அக்கா தங்கச்சித் தகடுதான், ஆனா அவங்களுக்கு ஒரு நூல்துணியில சட்டை போட்டிருந்தாங்க. சட்டையோட வால் ஒரு கிண்ணித் தண்ணிக்குள்ள. தண்ணி துணி வழியா மேல ஏறி ஏறி அவங்களை எப்பவும் நனைச்சுட்டே இருக்கும். பெட்டிக்குள்ள காத்து வறண்டு போச்சுன்னு வை, துணி சீக்கிரம் காயும், அவங்களுக்குக் குளிரும், நிமிர்ந்துடுவாங்க. இன்னொரு டக்கன் எழுந்து தண்ணி தெளிக்கற குழாயைத் திறப்பான். ஸ்ஸ்ஸ்ஸ். காத்துல ஈரம் போதும்னா துணி காயாது, குளிராது, குழாய் மூடிக்கும். வெளியே ஒரு முள்ளு இருந்துச்சு. இந்தப் பக்கம் வறட்சி, அந்தப் பக்கம் ஈரம்னு அதைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம்.

இந்த ஈரம் எதுக்குன்னா, முட்டையோட ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரக்கணக்குல இருக்கு. காத்து வறண்டா முட்டைக்குள்ள இருக்கற தண்ணியெல்லாம் அது வழியா ஆவியாப் போயிடும். குஞ்சு வெளியே வர நேரத்துல உள்தோல் காகிதம் மாதிரி இறுகி அதைப் பிடிச்சு வச்சுக்கும். மூக்கு வெளியே இருக்கும். உடம்பு வராது.

ம் சொல்லு.

"...ம்."

அஞ்சாம் நாள் மத்தியானம் நாச்சாத்தாள் சோத்துல கை வச்சவ நிமிர்ந்தா. டக்னு கேக்குது. ஆனா கதவைத் திறந்து கை வச்சுப் பாத்தா உள்ளே குளுமை. அக்கா தங்கச்சி சொல்லிட்டாங்க, டக்கனும் இழுத்துட்டான், அப்புறம் ஏன் அடுப்பு செவக்கலை? மெயினை அணைச்சுட்டு மூடியைக் கழட்டிப் பாத்தா, டக்கனோட ரெண்டு உதட்டுக்கு, அதான் ஒயரைச் சேத்து வைக்கற ரெண்டு முனைக்கு, நடுவுல ஒரு எறும்பு. கருகிப்போன எறும்பு. கதகதப்பா இருக்கேன்னு வந்து படுத்திருக்கு, பாவம். அது நடுவுல கிடக்கவும் உதடு உதட்டைத் தொடலை. ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே விட்டு மெல்ல இழுத்தா. எறும்பு வந்துடுச்சு. டக். அடுப்பு செவந்துச்சு.

ஒரு எறும்பு நூத்தி முப்பது உசுரை நிறுத்தி வச்சிருந்துச்சு பாரு.

அப்புறம் ஒன்பதாம் நாள். கிர்ர்ர்ர்னு கேக்க வேண்டிய மோட்டார் கேக்கலை. ஒரு மணி ஆச்சு, ரெண்டு மணி ஆச்சு, தட்டு ஒரே பக்கம் சாஞ்சு நிக்குது. நாச்சாத்தாள் ஆளனுப்பினா. கொண்டப்பன் சைக்கிளை மிதிச்சுட்டு வந்தான்.

"ஏனுங்கக்கா, முட்டை ஏதாச்சும் கோவிச்சுக்கிச்சுங்களா?"

"சிரிக்காதே கொண்டப்பா. ரெண்டு மணி நேரமாச் சாஞ்சே கிடக்குது."

அவன் திருப்புளியை வாயில கவ்விட்டு உள்ளே எட்டிப் பாத்தான். தொட்டாச்சிணுங்கியோட விரலுக்கு அடியில ஒரு கோழி இறகு மாட்டியிருந்துச்சு. முட்டைக் கூடையில ஒட்டிட்டு வந்த இறகு. விரல் அழுங்கினபடியே நின்னுபோச்சு. அதுக்கு நெனப்பு, தட்டு இன்னும் தன்னைத் தொட்டுட்டே இருக்குன்னு. அதனால "போதும் போதும்"னு சொல்லிட்டே இருந்திருக்கு. இறகை ஊதித் தள்ளினான். கிர்ர்ர்ர்.

போறப்போ கொண்டப்பன் திரும்பி நின்னு கேட்டான், "கிண்ணிக்கு நல்ல தண்ணிதானுங்களே ஊத்தறீங்க? உப்புத் தண்ணி ஆகாதுங்க."

நாச்சாத்தாள் தலையை ஆட்டினா. கொண்டப்பன் சைக்கிள் ஏறிப் போயிட்டான். ஏன் ஆகாதுன்னு அவன் சொல்லலை, இவளும் கேக்கலை.

"அவ உப்புத் தண்ணியா ஊத்தினா?"

சொல்றேன், கண்ணை மூடிட்டே கேளு. அந்த ஊர்ல ரெண்டு தண்ணி. போர்த் தண்ணி உப்பு, அதுல குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். பாத்திரம் காஞ்சா வெள்ளையா ஒரு படலம் நிக்கும். நல்ல தண்ணி குழாய்ல எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். ஒவ்வொரு வீட்டுலயும் நல்ல தண்ணிக் குடத்தைத் துணி கட்டி மூடி வச்சு, சொம்பு சொம்பா எண்ணித்தான் எடுப்பாங்க. அந்தத் தடவை எங்கயோ பெரிய குழாய் உடைஞ்சு எட்டு நாளாகியும் தண்ணி வரலை. நாச்சாத்தாள் குடத்துல அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு. ஒரு தெரு தள்ளி பெரியநாயகின்னு ஒருத்தி புள்ளை பெத்து ஆறு நாள் ஆகியிருந்தா. அவளுக்குக் குடிக்க நல்ல தண்ணி இல்லைன்னு கேட்டதும், இருந்ததை அப்படியே கொண்டுபோய் அவ பானையில கவுத்துட்டு வந்துட்டா.

வந்து பெட்டியைப் பாத்தா, கிண்ணி வத்தியிருக்கு. போர்த் தண்ணியை எடுத்து ஊத்தினா. அப்போ அவ மனசுக்குள்ள நெனச்சது இதுதான்: நாக்கு இல்லாத துணிக்கு உப்பு தெரியவா போகுது?

அது ஏழாம் நாள். கொண்டப்பன் வந்து கேட்டப்போ அவ தலையை ஆட்டினாளே, அது பொய்த் தலையாட்டல். ரெண்டு நாள் உப்பால ஒண்ணும் ஆகிடலையேன்னு ஒரு தைரியம். அப்புறம் தினமும் அதையே ஊத்தினா.

தண்ணி துணி வழியா மேல ஏறும். தண்ணி ஆவியாப் போயிடும். உப்பு போகாது, அது துணியிலேயே தங்கிடும். நூலுக்கும் நூலுக்கும் நடுவுல இருக்கற சந்துல எல்லாம் வெள்ளை வெள்ளையா வந்து உட்கார்ந்துக்கும். இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். கடைசியில தண்ணி ஏற வழியே இல்லாம துணி கட்டையாப் போச்சு. ஈரத்திரி காஞ்ச திரி ஆயிடுச்சு.

இப்போ யோசிச்சுப் பாரு. துணி காஞ்சு போனா உள்ளே இருக்கற அக்கா தங்கச்சிக்குக் குளிருமா?

"குளிராது."

குளிரலைன்னா அவங்க என்ன சொல்லுவாங்க?

"...ஈரம் போதும்னு."

ஆமாடா தங்கம். அவங்க பொய் சொல்லணும்னு சொல்லலை. குளிரலை, அதனால ஈரம் நிறைய இருக்குன்னு மனசார நம்பினாங்க. முள்ளு போய் ஈரத்துப் பக்கம் சாஞ்சு உட்கார்ந்துக்கிச்சு. குழாய் திறக்கவே இல்லை. எறும்பு வந்தப்போ பெட்டி குளுந்து போய்க் காட்டிக் குடுத்துச்சு. இறகு மாட்டினப்போ மோட்டார் நின்னு காட்டிக் குடுத்துச்சு. இந்தத் தடவை பெட்டி சிரிச்ச முகமா இருந்துச்சு. அதனால யாருக்கும் தெரியலை.

அப்புறம் பதினஞ்சாம் நாள். காலையில நாச்சாத்தாள் உள்ளறையில சன்னலுக்குக் கம்பளி போட்டு மூடிட்டு, ஒவ்வொரு முட்டையா எடுத்து டார்ச் வெளிச்சத்துல வச்சுப் பாத்தா. முட்டைக்குள்ள செவப்பு ரத்த நாளம் கிளை கிளையா ஓடும், நடுவுல ஒரு கருப்பு நிழல் மெல்ல நீந்தும். உசுரு இருந்துச்சு. ஆனா மொட்டைப் பக்கம் இருக்கற காத்துப்பை, அது சின்னதா இருக்கணும். பெருசா இருந்துச்சு. இன்னொண்ணு எடுத்தா, அதுவும் பெருசு. கையில முட்டை கனக்கலை. பஞ்சு மாதிரி இருந்துச்சு.

வெளியே வந்து முள்ளைப் பாத்தா. ஈரம், ஈரம்னு நிக்குது. நேத்து எங்க நின்னுச்சோ அங்கயே, மயிரிழை அசையலை. உசுரோட இருக்கற எதுவும் அப்படி அசையாம நிக்காதேன்னு அவளுக்குத் தோணிச்சு.

அப்போ குருப்பாத்தாள் வந்தா. தினமும் ஒரு தடவை வந்து கண்ணாடி வழியா வட்டம் போட்ட முட்டையைப் பாத்துட்டுப் போவா.

"என்னடி, பேயைப் பாத்தவளாட்டம் நிக்கறே?"

"முட்டை காயுதுங்கக்கா."

"முள்ளு ஈரம்னுதானே காட்டுது?"

"முள்ளு ஈரம்னு சொல்லுது. முட்டை காயுதுன்னு சொல்லுது."

"ரெண்டுல ஒண்ணைத்தானே நம்பணும்? கருவிக்கு என்ன, உன்மேல கோவமா? அது ஏன் பொய் சொல்லப் போகுது?"

அப்போதான் நாச்சாத்தாளுக்கு இன்னொண்ணு உறைச்சுச்சு. ஸ்ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டு எத்தனை நாளாச்சு? வீட்டுல ஒரு ஆளு பேச்சை நிறுத்திட்டா உடனே தெரியாது, நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும். அந்த மாதிரி.

அவ போய்க் கையை முழங்கை வரைக்கும் தண்ணில முக்கினா. சொட்டச் சொட்ட வந்து பெட்டிக் கதவைத் திறந்து, உள்ளே சூட்டைச் சுத்தி அனுப்பற காத்தாடிக்கு முன்னாடி நீட்டினா. அவ்வளவு சூட்டுக்குள்ளயும் கை சில்லுன்னு ஆச்சு. பாத்துட்டே இருக்கும்போது ஈரம் விரல் நுனிக்கு ஓடி மறைஞ்சு போச்சு. மழைக்காலத்துக் காத்துல கை இப்படிக் காயாது. சித்திரை வெயில்லதான் இப்படிக் காயும். திரி சொல்ல வேண்டியதை அவ கை சொல்லிடுச்சு.

மெயினை அணைச்சுட்டுத் திரியைத் தொட்டுப் பாத்தா. கொடியில விறைச்சுப் போன துணி மாதிரி இருந்துச்சு. விரல்ல வெள்ளையாப் பொடி ஒட்டிச்சு. நாக்குல வச்சா.

உப்பு.

அப்படியே தரையில உட்கார்ந்துட்டா.

ம்... தூங்கிட்டியா?

"இல்லை. அப்புறம்?"

அப்புறம் அவ எழுந்து, துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன ஒரு பழைய நூல் சேலையில ஒரு துண்டு கிழிச்சா. புதுச் சட்டை தயார். ஆனா நல்ல தண்ணி வேணும். அவ குடத்துல ஒரு சொட்டு இல்லை. இன்னும் குழாய்ல வரலை. குருப்பாத்தாள் வாசல்லயே நின்னுட்டு இருந்தா. அவ வீட்டுல ஒரு குடம் இருக்குன்னு நாச்சாத்தாளுக்குத் தெரியும். கேக்கணும்னா எதுக்குன்னு சொல்லணும்.

"அக்கா, நான்தான் உப்புத் தண்ணி ஊத்தினேன். ஆகாதுன்னு கொண்டப்பன் சொல்லியிருந்தான். நாக்கு இல்லாத துணிக்கு உப்பு தெரியவா போகுதுன்னு நான் கேக்கலை. தப்பு என்னோடதுதான்."

குருப்பாத்தாள் உள்ளே வந்து வட்டம் போட்ட முட்டையைக் கண்ணாடி வழியாப் பாத்தா.

"நல்ல தண்ணியை என்னடி பண்ணினே?"

"பெரியநாயகிக்குக் குடுத்துட்டேன். பச்சை உடம்புக்காரி."

குருப்பாத்தாள் விறுவிறுன்னு நடந்து போயிட்டா. போனவ போயிட்டான்னுதான் நாச்சாத்தாள் நெனச்சா. திரும்பி வந்தப்போ இடுப்புல குடம். முழுக் குடம், மூடின துணியோட.

"அந்தக் கந்தத் துணிக்கு நாக்கு இருக்குன்னு எனக்கு மட்டும் தெரியுமா? இந்தா பிடி. நின்னுட்டு அழுகாதே. நீ அழுதா அதுவும் உப்புத் தண்ணிதான்."

நாச்சாத்தாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. கிண்ணியைத் தேய்ச்சுக் கழுவி, புதுத் துணியைச் சட்டையா மாட்டி, நல்ல தண்ணி ஊத்தினா. தண்ணி நூல் நூலா மேல ஏறிச்சு. சட்டை நனைஞ்சுச்சு. காத்தாடி சுத்திச்சு. உள்ளே இருந்த அக்கா தங்கச்சிக்கு பல நாளைக்கு அப்புறம் மொத மொதல்ல குளிரிச்சு. முள்ளு நடுங்கிச்சு. மெல்ல மெல்ல வறட்சிப் பக்கம் போச்சு, போச்சு, போச்சு...

டக்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

ரெண்டு பொம்பளைங்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டே நின்னாங்க. சாயங்காலம் வரைக்கும் குழாய் மூடவே இல்லை. பெட்டிக்குள்ள மேகம் மாதிரி ஒரு புகை. முட்டைங்க எல்லாம் அந்தப் பனிக்குள்ள, மழைக்கு நடுவுல தெரியற ஊர் மாதிரி மங்கலா இருந்துச்சு. மத்த எட்டு பேரையும் கூப்பிட்டு நாச்சாத்தாள் எல்லார்கிட்டயும் சொன்னா. சிலர் திட்டினாங்க. ஒருத்தி கூடையை அங்கயே போட்டுட்டுப் போனா. அவ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா.

இருபத்தியொண்ணாம் நாள். வெளிச்சம் வர்ற நேரம். மொதல்ல ஒரு கீச். வெளியிலயிருந்து இல்லை, முட்டைக்குள்ளயிருந்து. நாச்சாத்தாள் கண்ணாடியில காதை வச்சா. இன்னொரு கீச். அப்புறம் டொக், டொக்னு சின்ன மூக்கு. ஒரு ஓட்டுல நட்சத்திரம் மாதிரி விரிசல். விரிசல் சுத்திச் சுத்திப் போச்சு. தொப்பி மாதிரி கழண்டு விழுந்துச்சு. நனைஞ்ச ஒரு உசுரு வெளியே வந்து, என்ன உலகம் இதுன்னு பாத்துட்டுத் தலையைச் சாச்சுத் தூங்கிப் போச்சு. உன்னை மாதிரி.

கீச் கீச் கீச் கீச். மத்தியானத்துக்குள்ள பெட்டி பூரா சத்தம். ஈரம் காஞ்சு ஒவ்வொண்ணும் பூவாட்டம் உப்பிச்சு. எழுபத்தியொரு குஞ்சு. நூத்தி முப்பதுல எழுபத்தியொண்ணு. பொம்பளைங்க முந்தானையில அள்ளிட்டுப் போனாங்க. அடுத்த வருஷம் அந்த ஊர்ல மறுபடி கொக்கரக்கோ கேட்டு விடிஞ்சுது.

அவ்வளவுதான். குஞ்செல்லாம் கூட்டுக்குப் போயிடுச்சு, கதையும் கூட்டுக்குப் போயிடுச்சு. நீ கண்ணுக்குள்ள போ.

"குருப்பாத்தாளோட குஞ்சு?"

இன்னும் தூங்கலையா நீ.

வட்டம் போட்ட முட்டை இருந்தது காத்தாடிக்கு நேரான தட்டு. அங்கதான் ரொம்பக் காஞ்சிருந்துச்சு. பதினாலும் பொரிக்கலை. மூணு முட்டையில மூக்கு மட்டும் வெளியே வந்துச்சு. நாச்சாத்தாள் தன்னோட ஏழு குஞ்சைக் கூடையில வச்சு அவகிட்ட நீட்டினா. குருப்பாத்தாள் ஒண்ணை எடுத்துக் கையில வச்சுப் பாத்தா, ரொம்ப நேரம். அப்புறம் திருப்பி வச்சுட்டா. "நல்லாத்தான் இருக்குது. ஆனா இது சாம்பல் இல்லையேடி"ன்னா.

அவ மறுபடி கோழி வளக்கலை. அந்த ஐப்பசியில அவ மகன் வந்து அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க ஒன்பது வருஷம் இருந்து, அங்கயே செத்துப் போனா.